பெலீஸ் கடலில் முதல் ஸ்நார்க்கெலிங்: சிறு குழுப் படகில் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயும் மாட்டிக்கொண்டு, நீரின் மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பதுதான் ஸ்நார்க்கெலிங். அதற்கு நன்றாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முதலில் தேவைப்படுவது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி வாயால் நிதானமாக மூச்சுவிடும் பழக்கம். கைகால்களின் வேலை அதற்குப் பிறகுதான். கரீபியன் கடலில் முதன்முறையாகப் பவளப்பாறையைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடு அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பெலீஸ் நாட்டில், கீ கால்க்கர், ஆம்பர்கிரிஸ் கீ என்னும் இரு தீவுகளுக்கு இடையே இருக்கும் ஹோல் சான் கடல் காப்பகத்தையே இதற்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை சென்றது கூட்டமான ஒரு பெரிய படகில். இரண்டாவது முறை ஏழு பேர் கொண்ட சிறு படகில், நீச்சலே தெரியாத என் அம்மாவுடன். கடல் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான்; ஆனால் இரண்டு அனுபவங்களுக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரியது. அந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்த இடம்

பெலீஸின் கரையை ஒட்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத் திட்டு ஒன்று மதில்போல் நீண்டு கிடக்கிறது. கீ கால்க்கரின் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால், தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு இடைவிடாமல் நுரைத்துக்கொண்டிருப்பது தெரியும். திறந்த கடலிலிருந்து வரும் அலைகள் அந்தத் திட்டில் மோதி உடைவதால் உண்டாகும் கோடு அது. அலையின் வேகம் அங்கேயே அடங்கிவிடுவதால், திட்டுக்கும் தீவுக்கும் இடைப்பட்ட நீர் பெரும்பாலான நாட்களில் ஏரியைப்போல் அமைதியாக இருக்கிறது. ஆழமும் பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர்தான். நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால் குளிரால் உடல் இறுகுவதில்லை. முதன்முறை இறங்குபவருக்கு இதைவிட ஏற்ற கடல் கிடைப்பது அரிது.

அந்த நீண்ட மதிலில் இயற்கையாக அமைந்த ஒரு வாசல்தான் ஹோல் சான். மாயா மொழியில் இதற்குச் 'சிறிய கால்வாய்' என்று பொருள். சுமார் 9 மீட்டர் ஆழமுள்ள இந்த வாசல் வழியாகத்தான் உள்நீரும் வெளிக்கடல் நீரும் கலக்கின்றன. நீரோட்டம் இரையைக் கொண்டுவருவதால் மீன்கள் இங்கே திரண்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் அளவில்லாமல் மீன் பிடித்து வறண்டுபோன இந்த இடத்தை 1987-இல் கடல் காப்பகமாக அறிவித்து, வாசலைச் சுற்றி மீன்பிடிப்பைத் தடைசெய்தார்கள். பவளத் திட்டு, கடற்புல் படுகை, அலையாத்திக் காடு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காப்பாற்றியதுதான் அந்த முடிவின் சிறப்பு. அலையாத்தியின் வேர்களுக்கிடையே குஞ்சாக வளரும் மீன், கடற்புல்லில் இளமையைக் கழித்து, பிறகு பாறைக்கு வந்து சேர்கிறது. மூன்றில் ஒன்று அழிந்தால் மற்ற இரண்டும் வெறுமையாகிவிடும். இன்று அங்கே ஒருவர் ஓர் ஆள் நீளக் களவா மீனைப் பார்க்கிறார் என்றால், அது அந்தத் தடையின் பலன்.

பெலீஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'பெரும் நீலக் குழி'. விமானத்திலிருந்து எடுத்த அதன் படம் உலகப் புகழ் பெற்றது. 300 மீட்டருக்கு மேல் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அந்தக் குழிக்குத் திறந்த கடலில் நெடுநேரம் படகில் போக வேண்டும். மேலே மிதப்பவருக்கு அதன் விளிம்புப் பவளம் மட்டுமே தெரியும். நடுவில் கருநீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

போய்ச் சேர்வதும் நாள் பார்ப்பதும்

பெலீஸ் சிட்டியில் விமானம் இறங்கி, அங்கிருந்து நீர் டாக்சி எனப்படும் பயணிகள் படகில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கீ கால்க்கர் வந்துவிடும். ஆம்பர்கிரிஸ் கீயிலுள்ள சான் பெட்ரோ ஊருக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் பேச்சில் சிரமம் இல்லை. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பெலீஸ் டாலர் என்பது நிலையான மாற்று விகிதம். இரண்டுமே கடைகளில் செல்லும். ஆகவே படகுக் கட்டணம் சொல்லப்படும்போது எந்த டாலரில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தீவுகளிலிருந்தும் ஹோல் சானுக்குப் படகுகள் போகின்றன. நான் கீ கால்க்கரைத்தான் பரிந்துரைப்பேன். கார்களே இல்லாத, மணல் தெருக்கள் கொண்ட சிறிய தீவு அது. படகு ஏற்பாட்டாளர்களின் கடைகள் அனைத்தையும் நடந்தே பார்த்து, வழிகாட்டியிடம் நேரில் பேசி முடிவெடுக்க முடியும்.

பிப்ரவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்கள் மிக நல்லவை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவ்வப்போது வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து ஓரிரு நாட்கள் கடலைக் கலக்கிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். எல்லா நாளும் புயல் இராது என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிவரலாம். எந்த மாதமானாலும், தீவில் குறைந்தது மூன்று நாட்களாவது தங்குமாறு திட்டமிட்டு, படகுப் பயணத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்து அன்று படகு போகாவிட்டால், அடுத்த நாள் கையில் இருக்கும். கடைசி நாளில் வைத்துக்கொண்டவர்கள், போகக்கூடாத கடலில் போகத் துணிவதை நான் பார்த்திருக்கிறேன்.

படகைத் தேர்ந்தெடுத்தல்

ஹோல் சானுக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் இறங்க வேண்டும். ஸ்நார்க்கெல் செய்பவர்கள் எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது அங்குள்ள விதி. அந்த விதியைக் காகிதத்தில் மட்டும் காப்பாற்றும் படகுகளும் உண்டு. முதல் முறை நான் சென்ற படகில் வழிகாட்டிகளின் எண்ணிக்கை கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் குதித்தபோது யார் எந்தக் குழு என்பதே கலைந்துபோனது. என் மாஸ்க்கில் தண்ணீர் கசிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அருகில் இருந்தவர்கள் அனைவரும் என்னைப்போலவே திணறிக்கொண்டிருந்த புதியவர்கள். பத்து நிமிடத்தில் படகுக்குத் திரும்பி, மீதி நேரத்தை இருக்கையிலேயே கழித்தேன். ஆகவே, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே சில கேள்விகளைக் கேளுங்கள். படகில் மொத்தம் எத்தனை பேர்? வழிகாட்டி எங்களோடு தண்ணீரில் இருப்பாரா, படகிலிருந்து பார்ப்பாரா? நீச்சல் தெரியாதவரைப் பிடித்து அழைத்துச் செல்ல மிதவை வளையம் இருக்கிறதா? முதலில் நிறுத்துமிடம் ஆழம் குறைந்ததா? கடைசிக் கேள்விக்கான விடையைக் கொண்டே அந்த வழிகாட்டி புதியவர்களை அறிந்தவரா என்று சொல்லிவிடலாம். அறிந்தவர் முதலில் கடற்புல் படுகைக்கோ தாழ்வான பவளத் தோட்டத்துக்கோ அழைத்துச் செல்வார். நேராக வாசலில் கொண்டுபோய் இறக்கமாட்டார்.

அரை நாள் பயணத்தில் இரண்டு இடங்களிலும், முழு நாள் பயணத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களிலும் நிறுத்துவார்கள். பாய்மரப் படகில் போவது அழகு; வெளிப்புற மோட்டார் பொருத்திய திறந்த படகு வேகம். படகில் குமட்டல் வருபவர்களுக்கு வேகப்படகும் அரை நாளும் போதும். காப்பக நுழைவுக் கட்டணம், கருவி வாடகை, மதிய உணவு ஆகியவை கட்டணத்தில் அடக்கமா என்பதையும், சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது; இல்லையேல் மீனும் சோறும்தான் வரும்.

ஆஸ்துமா, இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை இருப்பவர்கள் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வழிகாட்டியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். குழாய் வழியாக மூச்சுவிடுவது சாதாரண மூச்சைவிட நுரையீரலுக்குக் கூடுதல் உழைப்பைக் கொடுக்கிறது.

கருவிகள்

மூன்று பொருள்கள்தான்: மாஸ்க், ஸ்நார்க்கெல் குழாய், காலில் மாட்டும் துடுப்பு. இவற்றில் உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது மாஸ்க். கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வாரைத் தலைக்குப் பின்னே மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். மாஸ்க் கீழே விழாமல் முகத்திலேயே ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரியது; விழுந்தால் அடுத்ததை எடுங்கள். நான்கைந்து மாஸ்க்குகளைப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டின் வழியே கொஞ்சம் கசியும். அங்கே சிறிது வாசலின் தடவினால் குறையும். நெற்றியில் விழும் ஒற்றை முடி மாஸ்க்கின் விளிம்பில் சிக்கினாலும் கசியும். கசிந்தால் வாரை மேலும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்க இறுக்க விளிம்பு கோணிக் கசிவு அதிகமாகும். முகத்தில் தழும்பும் விழும். முடியை ஒதுக்கிவிட்டு, வாரைச் சற்றுத் தளர்த்துங்கள்.

கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க்குகள் சில கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். முன்பே கேட்டு வையுங்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, உட்புறம் குழந்தைகளுக்கான ஷாம்புவை ஒரு சொட்டு தேய்த்துக் கழுவிக்கொண்டால் போதும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்குகள் இப்போது பரவலாக விற்கப்படுகின்றன. மூக்காலும் மூச்சுவிடலாம் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் அமைப்பு சரியில்லாதவற்றில் வெளிவிட்ட மூச்சே மீண்டும் உள்ளே வருகிறது. அவசரத்தில் கழற்றுவதும் கடினம். புதியவர்களுக்குப் பழைய வகையே நல்லது.

துடுப்பு பாதத்தில் இறுகவும் கூடாது, கழன்று ஆடவும் கூடாது. லைஃப் ஜாக்கெட்டை, நீந்தத் தெரிந்தவர்களும் முதல் இறக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மிதப்பதற்காக உழைக்க வேண்டியதில்லை என்று உடலுக்குத் தெரிந்தால்தான் மூச்சு அடங்கும்.

நீண்ட கையுள்ள நீச்சல் மேலாடை ஒன்று கட்டாயம் வேண்டும். முகம் தண்ணீரில் இருக்கும்போது முதுகும் கழுத்தும் முழங்காலின் பின்புறமும் இரண்டு மணி நேரம் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீர் குளிர்ச்சியாக இருப்பதால் எரிவது தெரியாது. சன்ஸ்கிரீன் கிரீம்களில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை பவளத்துக்குக் கேடு செய்யும் என்ற கவலையால் ஹவாயும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அவற்றின் விற்பனையைச் சட்டத்தாலேயே தடுத்துவிட்டன. துத்தநாக ஆக்சைடு கலந்ததை முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் பூசி, மற்ற இடங்களைத் துணியால் மூடுவதே சரியான வழி.

நகைகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். சீலா மீன் என்று நம் மீனவர்கள் சொல்லும் பராக்குடா அங்கே சாதாரணமாகத் திரிகிறது. மனிதர்களை அது நாடுவதில்லை. ஆனால் மின்னும் பொருளைச் சிறு மீன் என்று நினைத்துப் பாயக்கூடும். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் கழுத்துவரை மூடும் மேலாடைக்குள் அதை முழுவதுமாக மறைத்துக்கொள்ளலாம். என் அம்மா அப்படித்தான் செய்தார்.

புறப்படும் காலை

காலை உணவைத் தவிர்க்காதீர்கள். வயிறு நிறையவும் உண்ணாதீர்கள். வெறும் வயிறும் எண்ணெய்ப் பலகாரமும் கடலில் ஒரே மாதிரிதான் வேலைசெய்யும். குமட்டலுக்கான மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பயனில்லை. படகில் நடுவிலோ பின்புறமோ உட்கார்ந்து, தொடுவானத்தைப் பாருங்கள். முன்புறம்தான் அதிகமாகத் தூக்கிப்போடும்.

மூக்கடைப்போ சளியோ இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

முதல் பத்து நிமிடங்கள்

படகை நிறுத்தியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். அருகில் இருப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கத் தொடங்குவார்கள். அவசரம் தொற்றிக்கொள்ளும் நேரம் இதுதான். நீங்கள் கடைசி ஆளாக இறங்குங்கள். துடுப்பை மாட்டிக்கொண்டு படகில் நடக்கக் கூடாது. ஏணியருகில் உட்கார்ந்து மாட்டி, அப்படியே நீருக்குள் நழுவுங்கள். ஏணியை ஒரு கையால் பிடித்தபடி, வாயில் குழாயின் ரப்பரைப் பற்களுக்கிடையே மென்மையாகக் கவ்வி, உதடுகளால் சுற்றி மூடிக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வையுங்கள்.

அந்த நொடியில் உடல் மறுக்கும். முகம் நீரில் இருக்கும்போது மூச்சை அடக்க வேண்டும் என்பது பிறவிப் பழக்கம். அதற்கு எதிராக மூச்சை இழுக்கச் சொல்கிறோம். அதனால்தான் பெரும்பாலானவர்கள் மேல்மூச்சு வாங்குகிறார்கள். மேலோட்டமான, வேகமான அந்த மூச்சு காற்றுப் போதவில்லை என்ற உணர்வைக் கொடுக்கிறது. அந்த உணர்வு பயமாகிறது. இதை உடைக்க ஒரே வழி, உள்ளிழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், மூச்சை நீளமாக, மெதுவாக, முழுவதுமாக வெளியே விடுவது. வெளியே விட்டால் உள்ளே தானாக வரும்.

என் அம்மாவுக்கு வழிகாட்டி வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மிதவை வளையத்தை இருவருக்கும் நடுவில் வைத்து, அவருடைய இரு கைகளையும் அதன்மேல் எடுத்து வைத்தார். "மெதுவாக, மிஸ். உங்கள் மூச்சின் ஓசையை மட்டும் கேளுங்கள்" என்றார். அம்மா முகத்தை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். மீண்டும் வைத்தார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, குழாயின் மேல்நுனியிலிருந்து வந்துகொண்டிருந்த விட்டுவிட்ட ஓசை மாறி, தூங்குபவரின் மூச்சைப்போல் நீண்டு சீரானது எனக்கே கேட்டது. வளையத்தைப் பற்றியிருந்த விரல்கள் வெளுப்பு நீங்கித் தளர்ந்தன. கீழே கடற்புல்லில் ஒரு பச்சை ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் புல்லைக் கடித்து இழுக்கும், சிறு மணல்மேகம் எழும், அடங்கும், மறுபடி கடிக்கும். அது மூச்சுவிடுவதற்காக மேலே வந்து, எங்களிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தலையை நீட்டி ஒரு முறை காற்றை இழுத்துக்கொண்டு மீண்டும் கீழிறங்கியது. கால் மணி நேரம் அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

இரண்டு சிறு திறமைகளை ஏணியருகிலேயே பழகிக்கொள்ளுங்கள். குழாயில் நீர் புகுந்தால், பலூன் ஊதுவதுபோல் ஒரே ஊக்கில் 'தூ' என்று ஊத வேண்டும். நீர் மேல்வழியாகப் போய்விடும். ஊதியபின் முதல் மூச்சை மட்டும் எச்சரிக்கையாக, மெதுவாக இழுங்கள். மிச்சம் இருந்தால் தெரிந்துவிடும். மாஸ்க்கில் நீர் புகுந்தால், தலையை நிமிர்த்தி மாஸ்க்கின் கீழ்விளிம்பை இலேசாக விலக்கினால் வடிந்துவிடும். இவை இரண்டையும் வேண்டுமென்றே மூன்று முறை செய்து பார்த்தவருக்கு, நடுக்கடலில் தண்ணீர் புகுவது ஒரு செய்தியே இல்லை.

துடுப்பை இடுப்பிலிருந்து மெதுவாக அசைக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் களைப்புதான் மிஞ்சும். கைகளுக்கு வேலை இல்லை. மார்பின்மேல் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார்கள். கட்டைவிரலை உயர்த்துவது முக்குளிப்பவர்களிடையே 'மேலே போகிறேன்' என்று பொருள்படும் என்பதால் அதைத் தவிர்க்கவும். உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். கால் பிடிப்புக்கும், களைப்புக்கும், மனம் கலங்கியதற்கும் அசைக்கலாம். உதவி கேட்கத் தயங்குவதுதான் ஆபத்து.

வாசலில்

ஹோல் சானில் படகுகள் நங்கூரம் போடுவதில்லை. பவளத்தை உடைக்காமலிருக்க நிலையாகக் கட்டப்பட்ட மிதவைகளில் கயிற்றைக் கட்டுவார்கள். இங்கே வழிகாட்டியின் பின்னாலேயே செல்லுங்கள், முன்னால் போகாதீர்கள். ஓதம் வெளியே ஓடும் நேரத்தில் நீரோட்டம் வாசலை நோக்கி இழுக்கும். அறிந்த வழிகாட்டி முதலில் நீரோட்டத்தை எதிர்த்து அழைத்துச் சென்று, திரும்பும்போது அதன் போக்கில் மிதந்து வரச் செய்வார். நீரோட்டம் இழுப்பதுபோல் தோன்றினால் அதனோடு போராட வேண்டாம். மிதந்தபடியே கையை உயர்த்துங்கள்.

பாறையைப் பார்க்கும் முறையும் பழக வேண்டிய ஒன்று. வேகமாகக் கடந்துபோகிறவருக்குப் பழுப்புக் கற்களும் சில வண்ண மீன்களும்தான் தெரியும். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால், மறைந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். மூளைப் பவளத்தின் மடிப்புகள், விசிறிபோல் அசையும் ஊதாக் கடல்விசிறி, மானின் கொம்பைப்போல் கிளைவிட்ட பவளம், இடுக்கில் வாயைத் திறந்து மூடும் அஞ்சாலை. அஞ்சாலை மிரட்டுவதற்காக வாயைத் திறப்பதில்லை. அது மூச்சுவிடும் முறையே அதுதான். தலையை நீருக்குள் வைத்துக் காதைக் கொடுத்தால் 'கறுக் கறுக்' என்ற ஓசை கேட்கும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை அது. பவளத்தை மூடி வளரும் பாசியை அவை தின்பதால்தான் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அவை தின்று கழிக்கும் சுண்ணாம்புத் தூளே அந்தத் தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு. இதை உணர்ந்து பெலீஸ் 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே நாடு முழுவதும் தடைசெய்தது.

எதையும் தொடாதீர்கள். பவளம் கல் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. ஒரு துடுப்பின் அடியில் உடையும் கிளை வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடல்நீர் வெப்பமாகி வெளிறிப்போவதாலும், 2019 முதல் பெலீஸில் பரவிய நோயாலும் ஏற்கெனவே நலிந்துபோன பாறை அது. களைத்துவிட்டால் பாறைமேல் நிற்காமல் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது: கடுகு நிறத்தில், வெளுத்த நுனியுடன் இருக்கும் தீப்பவளம் தொட்டவுடன் எரியும், கறுப்புக் கடல் முள்ளெலியின் முட்கள் தோலுக்குள் ஒடிந்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நாட்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சொறிமீன் (ஜெல்லிமீன்) குஞ்சுகள் ஆடைக்குள் புகுந்து அரிப்பைத் தரும். உடலோடு ஒட்டிய மேலாடையும், படகேறியதும் ஆடையை மாற்றிக்கொள்வதும் உதவும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஒன்று. கீழே முங்கிப் பார்க்க ஆசை வந்தால், முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மூச்சு தேவை என்ற உணர்வு தாமதமாகும். எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தவறக்கூடும். ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சு போதும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து இலேசாக ஊதுங்கள். வலித்தால் மேலே வந்துவிடுங்கள்.

சுறாவும் திருக்கையும்

வாசலுக்கு அருகிலேயே சுறா–திருக்கைச் சந்து என்ற இடம் உண்டு. ஒரு காலத்தில் மீனவர்கள் தாங்கள் பிடித்ததை அங்கே அரிந்து கழிவைக் கடலில் போட்டதால், நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் படகின் ஓசை கேட்டாலே கூடப் பழகிவிட்டன. பின்னர் 1999-இல் இந்த இடத்தையும் காப்பகத்தோடு சேர்த்தார்கள். படகு நின்ற உடனே பழுப்பு நிற முதுகுகள் பத்துப் பதினைந்து சுற்றத் தொடங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கால் பின்வாங்கும். நர்ஸ் சுறா கடலடியில் நண்டையும் சிறு மீனையும் உறிஞ்சித் தின்னும் சாதுவான இனம். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மீட்டர்ச் சுறா மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தோன்றும். இறங்க விருப்பமில்லாதவர்கள் படகிலிருந்தே பார்க்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

இறங்குபவர்கள் தெறிக்கக் குதிக்காமல் நழுவி இறங்கி, நீரின்மேல் நீட்டிப் படுத்த நிலையில் மிதந்து, கைகளை உடலோடு ஒட்டி வையுங்கள். இரையைக் கையால் காட்டவோ, வாலைத் தொடவோ வேண்டாம்; வழிகாட்டியே சுறாவைப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தரையில் நிற்காதீர்கள்: மணலுக்குள் கண்களை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு திருக்கை புதைந்திருக்கும். நான் பார்த்த ஒன்று, இரண்டு கண்களுக்குப் பின்னே இருந்த துளைகள் மெல்லத் திறந்து மூடுவதைக் கொண்டுதான் திருக்கை என்று தெரிந்தது, அதுவரை மணல்தான். அதன் வாலிலுள்ள முள், மிதிபட்டால் மட்டுமே வேலைசெய்யும். தவறிக் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். கரையோரத் தாழ்நீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசியபடி நடந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிவிடும்.

சில படகுகள் திரும்பும் வழியில் கடற்பசு வரும் இடத்தில் நின்று பார்க்கும். நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான இந்த உயிரை நீரில் இறங்கித் துரத்தக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், சாம்பல் நிற மூக்கு ஒன்று மேலே வந்து காற்றை விட்டுவிட்டுப் போகும். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். காத்திருக்கத் தயங்காத படகோட்டி கிடைத்தால் அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குத் திரும்பிய பின்

படகில் ஏறியதும் முதலில் தண்ணீர் குடியுங்கள். நீரிலேயே இருந்தாலும் உடல் வறண்டிருக்கும், உப்புநீரும் கொஞ்சம் வயிற்றுக்குள் போயிருக்கும். ஈர ஆடையோடு காற்றில் உட்கார்ந்தால் வெப்ப நாட்டிலும் நடுக்கம் வரும், ஆகவே உலர்ந்த சட்டை ஒன்றை நீர்புகாப் பையில் கொண்டுபோயிருக்க வேண்டும். திரும்பும் வழியில் ரம் பஞ்ச் தருவது அங்குள்ள வழக்கம். எல்லா இறக்கமும் முடிந்த பின்னரே அதைத் தொடுங்கள். இன்னொரு நிறுத்தம் இருக்கிறது என்றால் வேண்டாம்.

வழிகாட்டிக்குக் கட்டணத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம். உங்களோடு நீரில் இருந்தவர் கையிலேயே கொடுங்கள், கடையில் அல்ல. காதுக்குள் நீர் தங்கியிருந்தால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக் குச்சியை விடாதீர்கள். காற்று உருளையோடு ஆழத்துக்குப் போகும் ஸ்கூபா செய்தவர்கள் விமானம் ஏறக் காத்திருக்க வேண்டும். நீரின் மேல் மிதந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாஸ்க் உங்களுடையது என்றால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்து, அடுத்த முறை முகத்தில் ஒட்டாது. நாங்கள் அன்று மாலையே அலசி, தங்குமிடத்தின் வராந்தாக் கயிற்றில் இரண்டையும் மாட்டிவிட்டு, மறுநாள் காலைப் படகுக்கு மீண்டும் இரண்டு இடம் சொல்லி வைத்தோம்.